வாயால் சொல்கிறான், தாளில் வரவில்லை: பத்தாம் வகுப்புத் தேர்வுச் சலுகைகள் பற்றி ஒரு தாய்க்குப் பதில்

ஒன்பதாம் வகுப்பில், தமிழ்வழியில் படிக்கும் மகனைப் பற்றி நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இப்படி வருகிறது. வாயால் கேட்டால் அறிவியலும் வரலாறும் தங்குதடையில்லாமல் சொல்கிறான். அதையே தாளில் எழுதச் சொன்னால் இருபது மதிப்பெண்ணைத் தாண்டுவதில்லை. டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பதையும் எழுதுவதையும் தடுக்கும் கற்றல் குறைபாடு, இருப்பதாகச் சான்றிதழ் வாங்கினால் பத்தாம் வகுப்புத் தேர்வில் கூடுதல் நேரமும், எழுதித் தர ஆளும் கிடைக்கும் என்று வகுப்பாசிரியர் சொல்கிறார். அது மற்ற பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம், இவனும் அதைப் பிடித்துக்கொண்டு சோம்பேறியாகிவிடுவான் என்று உங்கள் கணவர் தடுக்கிறார். வாங்கலாமா, வேண்டாமா என்று கேட்கிறீர்கள். இதற்குள் மூன்று கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. இவனுக்கு உண்மையில் என்ன தடை? அந்தத் தடைக்காகச் சலுகை கேட்பது நேர்மையா? கிடைத்துவிட்டால் அதுவே போதுமா? மூன்றாவதை நீங்கள் கேட்கவில்லை. ஆனால் பிள்ளைகள் இடறி விழுவது அங்கேதான். இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சிறப்பாசிரியராக இருக்கிறேன், பெரும்பாலும் அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும். உங்கள் மகனை நான் பார்த்ததில்லை. ஆகவே அவனுக்கு டிஸ்லெக்சியா உண்டு என்றோ இல்லை என்றோ சொல்ல மாட்டேன். நீங்கள் எழுதிய பத்து வரியை மட்டும் படித்துவிட்டு யாராவது அப்படிச் சொன்னால் நம்பவும் வேண்டாம்.

முதலில் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடுங்கள். கரும்பலகை தெரியாமலேயே பக்கத்தில் இருப்பவளைப் பார்த்து எழுதி எட்டாம் வகுப்பு வரை வந்துவிட்ட ஒரு மாணவியை எனக்குத் தெரியும். கண்ணாடி போட்ட பிறகு அவளுக்கு எந்தச் சலுகையும் தேவைப்படவில்லை. அடுத்து, அவன் இழந்த பள்ளி நாட்கள். இந்த 2025-26 கல்வியாண்டில் ஒன்பதாவது படிக்கும் பிள்ளை, 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது மூன்றாம் வகுப்பில் இருந்தவன். தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் மீண்டும் திறந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி. நான்காம் வகுப்பு முழுவதும், ஐந்தாம் வகுப்பில் பாதியும் வீட்டில் கழிந்தன. எழுத்துக்கூட்டிப் படிப்பதிலிருந்து சரளமாகப் படிப்பதற்குப் பிள்ளை மாறுகிற வயது அது. அந்த இடைவெளியால் தடுமாறும் பிள்ளையும் கற்றல் குறைபாட்டால் தடுமாறும் பிள்ளையும் விடைத்தாளில் ஒரே மாதிரி தெரிவார்கள். நாள்தோறும் அரை மணி நேரம், மூன்று நான்கு மாதம், முறையாக வாசிப்புப் பயிற்சி கொடுத்துப் பார்த்தால் முதல் வகைப் பிள்ளை வேகமாக மேலே வருவான். இரண்டாவது வகைப் பிள்ளையும் முன்னேறுவான், ஆனால் ஒவ்வொரு படிக்கும் மிகுந்த பாடுபட வேண்டியிருக்கும். இது என் அனுபவத்தில் பெரும்பாலும் பொருந்தியிருக்கிறது. எப்போதும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன், இரண்டும் சேர்ந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

தமிழில் எதைக் கவனிப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ல, ள, ழ குழப்பத்தையும் ர, ற குழப்பத்தையும் பார்த்துப் பெற்றோர் பயந்துவிடுகிறார்கள். அவற்றை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது, நன்றாகப் படிப்பவர்களுக்கும் அந்தப் பிழைகள் வரும். நான் பார்ப்பது வேறு. ‘பட்டம்’ என்று எழுத நினைத்து ‘படம்’ என்று எழுதுவது, ‘கொண்டான்’ என்பது ‘கெண்டான்’ ஆவது, குறிலும் நெடிலும் மாறி மாறி விழுவது, ஒரே சொல் ஒரே பக்கத்தில் மூன்று விதமாக இருப்பது. ‘கொ’ என்ற எழுத்தை எண்ணிப் பாருங்கள்: ஒலியில் பின்னால் வருகிற உயிரின் ஒரு பாதி எழுத்தில் முன்னால் நிற்கிறது, மறு பாதி பின்னால் நிற்கிறது. எழுத்தும் ஒலியும் இணையும் இடத்திலேயே சிக்கல் உள்ள பிள்ளைக்கு இது பெரிய சுமை. இன்னொன்று, ஆங்கிலத்தைவிடத் தமிழில் எழுத்துக்கும் ஒலிக்கும் நெருக்கம் அதிகம். அப்படிப்பட்ட மொழிகளில் டிஸ்லெக்சியா உள்ள பிள்ளை தப்பாகப் படிப்பதைவிட மெதுவாகப் படிப்பதுதான் அதிகம். ஜெர்மன் மொழி பேசும் பிள்ளைகளிடம் ஹைன்ஸ் விம்மர் 1993இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. தமிழ்ப் பிள்ளைகளிடம் நான் காண்பதும் இதையே. “சரியாகத்தானே படிக்கிறான், கொஞ்சம் இழுத்துப் படிக்கிறான், அவ்வளவுதான்” என்று ஆசிரியர் சொல்கிற பிள்ளையைத்தான் நான் தனியே உட்காரவைத்துக் கேட்பேன்.

மதிப்பீட்டுக்குப் போகும்போது ஒன்றை மறக்காமல் கேளுங்கள்: தமிழிலும் வாசிக்கவைத்து, எழுதவைத்துப் பார்த்தீர்களா? தமிழ்வழிப் பிள்ளைக்கு ஆங்கிலப் பத்தியைக் கொடுத்துச் சோதித்துவிட்டு, கடுமையான குறைபாடு என்று எழுதிய அறிக்கைகளை நான் பார்த்திருக்கிறேன். அதில் தெரிவது ஆங்கிலம் வராது என்பது மட்டும்தான். சென்னைக்குப் போக முடியுமென்றால் முட்டுக்காட்டில் உள்ள பன்முக மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்தில் மதிப்பீடு செய்கிறார்கள். மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இதே வேலையில் இருக்கிறது. உங்கள் ஊரிலேயே தொடங்குவதென்றால் வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரைப் பாருங்கள். அங்கிருந்து மாவட்ட அரசு மருத்துவமனைக்கு வழி காட்டுவார். தனியார் உளவியலாளரின் அறிக்கை உங்கள் புரிதலுக்கு உதவும், தேர்வுச் சலுகைக்கு அரசு மருத்துவக் குழுவின் சான்றிதழையே நம்பிப் போங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதில் ஐயம் ஒன்றும் இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது; டிஸ்லெக்சியா அடங்கும் ‘குறிப்பிட்ட கற்றல் குறைபாடு’ம் அவற்றில் ஒன்று. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் (எழுத்தர்), இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கு ஆகியவற்றை அதன் 17ஆம் பிரிவு பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. நாம் வழக்கத்தில் சலுகை என்கிறோம். சட்டம் அதை அரசின் கடமையாக வைத்திருக்கிறது. 2018இல் வெளியான வழிகாட்டுதலின்படி எட்டு வயதிலிருந்து சான்றிதழ் பெறலாம், பதினான்கு வயதிலும் பதினெட்டு வயதிலும் மறுபடி மதிப்பிட வேண்டும். 2024 மார்ச்சில் வழிகாட்டுதல்கள் திருத்தப்பட்டன, ஆகவே மருத்துவக் குழுவிடம் இன்றைய நடைமுறையைக் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் மகனுக்குப் பதினான்கு நடக்கிறது என்பதால் இப்போது எடுக்கும் சான்றிதழ் பத்தாம் வகுப்புக்கு உதவும். சான்றிதழில் குறைபாட்டின் அளவை 40 சதவீதத்துக்குக் குறைவாக எழுதிவிட்டார்களே என்று சிலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். விட வேண்டாம். எழுதும்போது கை இறுகிப்போகும் பாதிப்புள்ள விகாஷ் குமார் என்பவருக்குக் குடிமைப் பணித் தேர்வில் எழுத உதவியாளர் மறுக்கப்பட்டது. அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரி 11 அன்று, 40 சதவீதம் என்ற எல்லையைக் காட்டி உதவியை மறுக்க முடியாது என்று தீர்ப்பளித்தது.

எனக்கு நெஞ்சை உறுத்துகிற ஓர் இடம் இங்கே இருக்கிறது. 2018 வழிகாட்டுதலில், நுண்ணறிவு ஈவு (ஐ.க்யூ.) 85க்கு மேல் இருந்தால்தான் கற்றல் குறைபாட்டுக்கான சோதனைக்கே அனுப்புவார்கள். அறிவுசார் குறைபாடு என்பது பொதுவாக 70க்குக் கீழே. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பிள்ளைகள் எந்தப் பட்டியலிலும் இல்லை. பள்ளியில் ‘மெல்லக் கற்போர்’ என்று தனி வரிசையில் உட்காரவைக்கப்படுபவர்களில் பலர் இவர்கள்தான். மாலைச் சிறப்பு வகுப்பும், மெலிந்த கையேடும், ஒரே விடையைப் பத்து முறை எழுதும் தண்டனையும் இவர்களுக்குக் கிடைக்கின்றன. கூடுதல் நேரம் கிடைப்பதில்லை. உங்கள் மகன் வாயால் தெளிவாகச் சொல்கிறான் என்பதால் அவன் இந்த இடைவெளியில் விழ மாட்டான் என்று நினைக்கிறேன். ஒருவேளை மதிப்பீட்டில் அப்படி வந்தால், பொதுத்தேர்வில் செய்யக்கூடியது குறைவு, வகுப்பறையில் செய்யக்கூடியது நிறைய. அதற்கு எந்தச் சான்றிதழும் வேண்டாம்.

இனி உங்கள் கணவரின் கேள்வி. அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள், கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார். விடை, அந்தத் தேர்வு எதை அளக்க வந்தது என்பதில் இருக்கிறது. அறிவியல் தாளில் ஒளிச்சேர்க்கை பற்றிக் கேட்டால், இலை என்ன செய்கிறது என்பது பிள்ளைக்குத் தெரியுமா என்று பார்க்கிறோம். பேனா எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்க்க அந்த வினாவை வைக்கவில்லை. அங்கே நேரமோ எழுத்தரோ கொடுத்தால் அளவுகோல் மாறுவதில்லை. தமிழ்த் தாளில் பிழையின்றி எழுதுவதையே அளக்கும் வினாவுக்கு எழுத்தரை வைத்தால் அளவுகோல் மாறிவிடும். ஆகவே ‘சலுகை நேர்மையா’ என்று மொத்தமாகக் கேட்க முடியாது. ஒவ்வொரு பாடத்துக்கும் தனியாகக் கேட்க வேண்டும். அமெரிக்காவில் ஸ்டீபன் சிரேசியும் உடன் இருவரும் 2005இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். கூடுதல் நேரம் கொடுத்தால் எல்லாப் பிள்ளைகளும் கொஞ்சம் கூடுதலாக எடுக்கிறார்கள், குறைபாடு உள்ளவர்கள் இன்னும் அதிகமாக எடுக்கிறார்கள் என்பது அதில் தெரிந்தது. மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதை மறைக்க நான் விரும்பவில்லை. ஆனால் எல்லோருக்குமே நேரம் போதவில்லை என்றால், அது தேர்வின் நேர அளவை நோக்கிக் கேட்க வேண்டிய கேள்வி. உங்கள் பிள்ளைக்கு மறுப்பதற்கான காரணம் ஆகாது.

சோம்பேறியாவான் என்ற பயத்துக்கு என் பதில் வேறு. கிடைத்ததை வைத்து எழுதப் பழகாத பிள்ளைக்குச் சலுகை எதுவும் செய்யாது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவனுக்கு அலைந்து திரிந்து சொல்வதை எழுதுபவருக்கான ஆணையை வாங்கினேன். ஜனவரியில் ஆணை வந்தது, மார்ச்சில் தேர்வு. வாங்கிவிட்டோம் என்ற நிம்மதியில் நான் அவனைப் பழக்கவே இல்லை. தேர்வறையில் முன்பின் தெரியாத ஓர் ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து “சொல்லுப்பா” என்றதும் அவனுக்கு நாக்கு எழவில்லை. அம்மாவிடம் சொல்வதைப் போலத் துண்டு துண்டாகச் சொன்னான். அவர் சொன்னதை மட்டும் எழுதினார், விதி அப்படித்தான். “அடுத்து?” என்று கேட்டால் “அவ்வளவுதான் சார்” என்றிருக்கிறான். வாய்மொழியாக நான் எழுபது போடக்கூடிய அறிவியலில் நாற்பத்தொன்று எடுத்தான். அந்த இருபத்தொன்பது மதிப்பெண்ணை இழக்கவைத்தவன் நான். அதன் பிறகு என்னிடம் வந்த எந்தப் பிள்ளையும் குறைந்தது ஆறு மாதம் சொல்லிப் பழகாமல் தேர்வறைக்குப் போனதில்லை.

சொல்லி எழுதவைப்பது தனித்திறமை. விடையை முதலில் மனத்துக்குள் மூன்று நான்கு வாக்கியமாக அடுக்க வேண்டும். முழு வாக்கியமாகச் சொல்ல வேண்டும். எழுதுபவர் முடிக்கும்வரை அடுத்த வாக்கியத்தைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். பிறகு “ஒரு முறை படித்துக் காட்டுங்கள் சார்” என்று கேட்க வேண்டும். பதினைந்து வயதுப் பிள்ளை ஓர் ஆசிரியரிடம் இப்படிக் கேட்பதற்கே தனியாகத் துணிச்சல் வேண்டும். மாநிலப் பாடத்திட்டத் தேர்வில் எழுதுபவராக வழக்கமாக ஓர் ஆசிரியரைத்தான் அமர்த்துகிறார்கள். அதனால் வீட்டில் உங்களிடமே சொல்லிப் பழகினால் போதாது. பக்கத்து வீட்டு அக்காவிடம், அவனுக்குப் பாடம் எடுக்காத ஓர் ஆசிரியரிடம் என்று அந்நிய முகங்களிடம் பழக வேண்டும். கணக்கை வாயால் சொல்வது இன்னும் கடினம். பின்னத்தில் எது மேலே, எது கீழே, அடைப்புக்குறி எங்கே மூடுகிறது என்று சொல்ல வராமல் தெரிந்த கணக்கையே விடுகிறார்கள். கை ஓடக்கூடியவனாக இருந்தால் கணக்குப் பாடத்தில் மட்டும் எழுத்தர் வேண்டாம், நேரம் மட்டும் போதும் என்பது என் கருத்து. பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 14, வடிவியலுக்கும் வரைபடத்துக்கும் எட்டு எட்டாக 16. சேர்ந்தால் 30, தேர்ச்சிக்கு வேண்டியது 35. அந்தப் பதினாறும் சொற்களை நம்பியிருப்பவை அல்ல, கவராயமும் அளவுகோலும் பிடிக்கத் தெரிந்தால் போதும். எழுத்தில் தோற்றுத் தோற்று வெறுத்துப்போன பல பிள்ளைகளுக்கு முதல் வெற்றி இங்கேதான் கிடைத்தது.

கூடுதல் ஒரு மணி நேரமும் அப்படியே. மெதுவாகப் படிப்பவனுக்கு அது மிகப் பெரிய உதவி. எழுதினால் கை வலிக்கிற பிள்ளைக்கு நான்காவது மணி நேரம் வேதனையாக முடியலாம். கவனம் நிலைக்காத பிள்ளை அந்த நேரத்தில் சரியான விடையை அடித்துத் தப்பாக மாற்றி எழுதியதையும் பார்த்திருக்கிறேன். ஆகவே இந்த ஆண்டு முழுஆண்டுத் தேர்வை நான்கு மணி நேரம் எழுத அனுமதி கேளுங்கள். கடைசி மணி நேரத்தில் எழுதியதை வேறு நிற மையில் எழுதச் சொன்னால், அந்த நேரம் அவனுக்கு என்ன தருகிறது என்று கண்ணுக்கே தெரிந்துவிடும்.

மொழிப்பாட விலக்கில் மட்டும் நிதானமாக இருங்கள். பள்ளிக்கு எளிது, தேர்ச்சி விகிதம் உயரும் என்பதால் அதைத்தான் முதலில் நீட்டுவார்கள். தமிழையோ ஆங்கிலத்தையோ விட்ட பிள்ளை, அந்த மொழியைப் படிப்பதையே அன்றோடு நிறுத்திவிடுகிறான். தமிழை விட்டால் பின்னாளில் டி.என்.பி.எஸ்.சி. தேர்வின் தமிழ்த் தகுதித்தாளில் 40 சதவீதம் எடுக்க வேண்டிய இடத்தில் திணறக்கூடும். ஆங்கிலத்தை விட்டால் கல்லூரியில் முதல் பருவமே சுவராக நிற்கும். இரண்டில் ஒன்றை விட்டால்தான் மற்ற பாடங்களுக்கு மூச்சு கிடைக்கும் என்ற நிலையில் உள்ள பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். உங்கள் மகன் எந்த நிலையில் இருக்கிறான் என்பது மதிப்பீடு வந்தபின் தெரியும். அதற்கு முன் எந்த விண்ணப்பத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

வகுப்பாசிரியர் உங்கள் பக்கம் இருக்கிறார் என்பது பெரிய பேறு. அவரிடம் கேட்க வேண்டியவை சின்னச் சின்ன விஷயங்கள். கரும்பலகையில் எழுதிப்போடுவதை இவன் முழுக்கப் பார்த்து எழுத வேண்டாம், நன்றாக எழுதும் பிள்ளையின் குறிப்பை நகலெடுத்துக்கொள்ளட்டும். முன்னறிவிப்பு இல்லாமல் எழுப்பி வாசிக்கச் சொல்ல வேண்டாம். வாசிக்கவேண்டிய பத்தியை முந்தைய நாளே காட்டிவிடட்டும். வகுப்புத் தேர்வில் சில வினாக்களுக்கு வாயால் விடை வாங்கட்டும். திருத்தும்போது அறிவியல் பிழையை மட்டும் சிவப்பில் வட்டமிடட்டும், எழுத்துப் பிழைகளை அன்று விட்டுவிடட்டும். முக்கியமாக, பத்து முறை எழுதிவரச் சொல்லும் பழக்கம் இவனிடம் வேண்டாம். தப்பாக எழுதுபவன் பத்து முறை எழுதினால் அந்தத் தப்பு மனத்தில் இன்னும் ஆழமாக ஊன்றும்.

நடைமுறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சான்றிதழும் அடையாள அட்டையும் வாங்க மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். தேர்வுச் சலுகைக்குத் தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பம், அது முதன்மைக் கல்வி அலுவலகம் கடந்து அரசுத் தேர்வுகள் இயக்ககம் போகும். பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதுவோரின் பெயர்ப்பட்டியல் தயாராகும் முன் எல்லாம் கையில் இருக்க வேண்டும், அதனால் இந்தக் கோடை விடுமுறையை வீணாக்காதீர்கள். ஆணையின் நகல் உங்களிடமும் இருக்கட்டும். தேர்வுக்கு முன்பே மையத்தின் முதன்மைக் கண்காணிப்பாளரைப் பார்த்துக் காட்டிவிடுங்கள். எழுதுவதில் குறைபாடுள்ள ஒரு மாணவிக்கு 2021 நீட் தேர்வில், சேர வேண்டிய ஒரு மணி நேரத்தை மையத்தில் இருந்தவர்கள் கொடுக்காமல் தாளை வாங்கிவிட்டார்கள். உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டு நவம்பரில் அது அநீதி என்று சொன்னது, சரிசெய்ய வழி காணச் சொன்னது. ஆனால் மறுதேர்வுக்கு உத்தரவிடவில்லை. இழந்த ஒரு மணி நேரத்தைத் தீர்ப்பு திருப்பித் தராது.

எல்லாம் செய்தும் ஒரு பாடத்தில் தவறினால் துணைத்தேர்வு இருக்கிறது. பள்ளியே ஒத்துவரவில்லை என்றால் தேசிய திறந்தநிலைப் பள்ளியில் ஒரு மொழியோடு ஐந்து பாடம் எடுத்து, ஐந்து ஆண்டுக்குள் ஒன்பது வாய்ப்புகளில் முடிக்கலாம். அது கடைசி வழி என்றே நினைக்கிறேன், வகுப்புத் தோழர்களை இழப்பதும் இழப்புத்தான்.

இவை எதையும் அவனிடம் கேட்காமல் செய்யாதீர்கள். தனி அறையில், வேறொருவர் எழுத, தான் தேர்வு எழுதுவதை நண்பர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்ற கவலை அவனுக்குத்தான் அதிகம் இருக்கும். வேண்டாம் என்று அவன் சொன்னால், ஏன் என்று கேட்டு, ஒரு மாதிரித் தேர்வை இரண்டு விதமாகவும் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு தாளையும் அவனே ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்லட்டும். மதிப்பீட்டு அறிக்கை வந்ததும், பெயரை மறைத்துவிட்டு, வாசிப்பு வேகம், எழுதும் வேகம், கேட்டுப் புரிதல் ஆகிய மூன்று பகுதிகளிலும் என்ன எழுதியிருக்கிறது என்பதை இங்கேயே பதிவிடுங்கள். எழுத்தரா, நேரமா, இரண்டுமா என்பதை அப்போது உங்களோடு சேர்ந்து பாடம் பாடமாகப் பார்க்கிறேன்.